தொட்டுப் பார்க்கும் வாட்சுக்கு எந்த மெஷின்

நீங்கள் அனுப்பும் போட்டோக்களை எல்லாம் நான் பார்க்கத்தான் செய்கிறேன். பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொள்கிறீர்கள். ஒரு தட்டில் இரண்டு பழைய சாவி மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, "மேடம், எது நல்ல மெஷின், எதைப் போடலாம்" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? போன வாரம் ஒரு தம்பி அனுப்பியிருந்தார். ஒன்றில் அச்சு சுழலும் கல், அதுதான் ஜுவல், பதினேழு; இன்னொன்றில் இருபத்தொன்று. கேள்விக்குக் கீழே அவரே பதிலையும் எழுதியிருந்தார், இருபத்தொன்றுதானே மேடம் என்று. ஜுவலை எண்ணிப் பதில் சொல்ல நான் எதற்கு? எண்ணத் தெரிந்த யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அந்த வாட்சைக் கட்டப்போகிறவர் யார், என்ன வேலை செய்கிறார் என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை.

மெஷின் என்று நான் சொல்வது டயலுக்குக் கீழே இருக்கும் மொத்த எந்திரத்தை. நீங்கள் மூவ்மெண்ட் என்கிறீர்கள். பெயர் எதுவானால் என்ன. பழைய சாவி வாட்சுகளுக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறது, நீங்கள் ஏசி ரூமில் உட்கார்ந்து நாங்கள் கேட்ட கூலியைப்போலப் பல மடங்கு வாங்குகிறீர்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் உங்களில் பாதிப் பேர் மெஷினைப் பார்த்து மயங்கிவிடுகிறீர்கள். பாலீஷ் நன்றாக இருந்தால் போதும், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவன் மாதிரி ஆகிவிடுகிறீர்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார். அவரைத் திருத்தியது நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

நான் கிண்டியில் ஒரு சின்ன அசெம்ப்ளி யூனிட்டில் வேலை கற்றவள். அங்கே ஒரு ஹால் நிறையப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வாட்சுக்குள் சக்கரம் வைத்துக்கொண்டிருப்போம். பிறகு கல்யாணமானது. கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்தேன் என்று மற்ற பெண்கள் சொல்வார்கள். நான் புகுந்த கடைக்கு வந்தேன். மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் என் வீட்டுக்காரருக்கு ஒரு வாட்ச் ரிப்பேர் கடை இருந்தது. வந்த ஒரு மாதத்துக்குள் அவர் மேஜைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு மேஜை போடச் சொன்னேன், ரோட்டைப் பார்த்து. அவர் உள்பக்கமாகப் போடலாம் என்றார். வெளிச்சம் இருக்கும் இடத்தில்தான் வேலை செய்வேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்களிடம் வந்தவர்கள் பலவிதம். குரோம்பேட்டையிலிருந்து ஒரு பரோட்டா மாஸ்டர் வருவார். எந்த வாட்சைக் கட்டினாலும் ஒரு மாதத்தில் உள்ளே ஏதாவது முறிந்துவிடும். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் அதைவிட உயர்ந்த மெஷினாகப் பார்த்து மாற்றிக்கொடுத்தார். நான் ஒருநாள் குரோம்பேட்டைக்குப் போனபோது அந்தக் கடை வழியாக நடந்தேன். மனிதர் வாட்சோடு நின்று மாவை ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தார். அடுத்த தடவை வந்தபோது அவருக்கு நான் மெஷின் எதுவும் மாற்றவில்லை. அடுப்புக்கு எதிரே ஒரு ஆணி அடித்து வாட்சை அதில் மாட்டிவிட்டு மாவு பிசையச் சொன்னேன். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போடத்தான் வந்தார்.

அதெல்லாம் சின்ன விஷயம். உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது தனபாலுடைய வாட்சைப் பற்றி.

எண்பதுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கையில் வெள்ளைக் கம்போடு ஒரு இளைஞர் எங்கள் கடைவாசலில் வந்து நின்றார். பார்வை கிடையாது. வாட்ச் கடைதானே, சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்டது, அதனால்தான் நின்றேன் என்றார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. உட்காரச் சொன்னதும் ஸ்டூலைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்து, மணிக்கட்டிலிருந்து வாட்சைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

பார்வையில்லாதவர்களுக்கென்றே வெளிநாட்டில் செய்த சாவி வாட்ச் அது. உங்களில் சிலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல் கண்ணாடி மூடி மாதிரித் திறந்துகொள்ளும். டயலில் எண்களுக்குப் பதிலாக மேடான புள்ளிகள் இருக்கும். முள் இரண்டும் தடியாக இருக்கும். விரலால் தடவிப் பார்த்து மணி தெரிந்துகொள்ள வேண்டும். அவர் படித்த பள்ளிக்கூடத்தில், படிப்பு முடிந்து போகும்போது யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் கொடுத்த பரிசு.

குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அவர் டெலிபோன் ஆபரேட்டர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் பர்மனெண்ட் ஆகவில்லை. லைன் இணைத்துக் கொடுக்கும் டெலிபோன் போர்டுக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலைச் சங்கின் பொத்தானும் இருந்தது. ஷிஃப்ட் ஆரம்பிக்க, சாப்பாட்டுக்கு விட, ஷிஃப்ட் முடிய என்று சங்கு ஊதுவதும் ஆபரேட்டருடைய வேலைதான், அவருக்கு முன்னால் இருந்தவரும் அதைச் செய்தவர்தான். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசி இரண்டு மாதமாகச் சங்கு பிந்திக்கொண்டே வந்தது. சாயங்காலச் சங்கு பிந்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கை கால் கழுவி வாசலில் நிற்கும் அத்தனை தொழிலாளர்களும் கூச்சல் போட்டார்கள். எலெக்ட்ரிக் ட்ரெயினைத் தவறவிட்டவர்கள் நேராக ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் ஆபீசர் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை நாள் முழுக்க நான் உன் பக்கத்தில் நிற்கப்போகிறேன், ஒரு சங்கு தவறினாலும் போர்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று. கண் தெரியாதவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததே தப்பு என்று நினைக்கிற மனிதர் போலிருக்கிறது.

தனபால் இதைக் கோர்வையாக, குரல் உயர்த்தாமல் சொன்னார். கடைசியில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார்.

"இந்த வேலைக்கு முன்னாடி ட்ரெயின்ல ஊதுவத்தி வித்துட்டு இருந்தேன் அக்கா. திரும்ப அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு ஏற முடியாது என்னால."

ஏற்கெனவே மூன்று கடைகளில் காட்டியிருந்தார். மூன்று பேரும் ஒரு நாள் வைத்திருந்து பார்த்து, வாட்ச் நன்றாகத்தான் ஓடுகிறது, உனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார், பின்மூடியைத் திறந்து பார்த்தார். "நல்லாத்தான் ஓடிக்கினு கீது," என்றார்.

இந்த இடத்தில்தான் நம் தொழில்காரர்கள் எல்லோரும் விழுவோம். நம்மிடம் வரும் வாட்சை மேஜைமேல் மல்லாத்திப் போட்டு, மூடியை மூடி வைத்து, நாள் முழுக்க அதைத் தொடாமல் பார்ப்போம். சரியாக ஓடினால் சரி என்போம். தொடாமல் பார்த்தால் சரியாக ஓடும் வாட்ச், தொட்டே பார்க்கிற ஒருவரிடம் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். வாட்சை அவர் கையிலேயே திருப்பிக் கட்டிவிட்டு, தம்பி, உங்கள் போர்டு முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எப்போதும் பார்க்கிற மாதிரி மணி பாருங்கள் என்றேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அவர் விரலுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவர் மூடியைத் திறந்தார். சிறிய முள்ளைத் தொட்டு மணியைத் தெரிந்துகொண்டார். பிறகு உச்சியில் இருக்கும் பன்னிரண்டாம் புள்ளியில் விரலை வைத்து, அங்கிருந்து பதினொன்று, பத்து என்று பின்பக்கமாக நகர்த்தி, பெரிய முள்ளைத் தேடிக்கொண்டு வந்தார். இன்னும் எத்தனை நிமிஷம் பாக்கி என்று பார்க்கிறவருடைய விரல் அப்படித்தான் வரும். சங்கு ஊதுகிறவருக்கு மணி எத்தனை என்பதைவிட எவ்வளவு பாக்கி என்பதுதானே கவலை. விரல் முள்ளில் வந்து முட்டியது. சரியாக மணி சொன்னார். விரலை எடுத்தபோது முள் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது.

நிமிஷ முள் ஒரு சின்னக் குழாயின்மேல் உட்கார்ந்திருக்கும். அந்தக் குழாய் நடு அச்சைக் கவ்விப் பிடித்திருக்கும். அந்தப் பிடி தளர்ந்தால் முள் வழுக்கும். அதுதான் இங்கே நடந்தது. இவர் ஒருமுறை பார்த்தால் வாட்ச் கொஞ்சம் பிந்தும். பிந்துகிறதோ என்று பயந்து இன்னும் பத்து முறை பார்ப்பார். பத்து முறையும் இன்னும் பிந்தும். ஆபீசர் திட்டத் திட்ட இவர் விரல் அந்த முள்ளைப் போட்டுப் பிடித்துத் தள்ளியிருக்கிறது.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாட்சின் மூடியை மூடினார்.

"அப்போ நான் பார்க்காம இருந்தா சரியா ஓடுமா அக்கா?"

என் வீட்டுக்காரர் எழுந்து போய் மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

குழாயை இறுக்கிக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முன்னால் பார்த்தவர்களில் யாரோ ஏற்கெனவே அதை இடுக்கியால் கடித்துக் கடித்து இறுக்கியதில் அது விரிசல் விட்டிருந்தது, அச்சும் தேய்ந்துபோயிருந்தது. அந்த மெஷினுக்கு உதிரிபாகம் மெட்ராஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. டயலையும் முள்ளையும் வைத்துக்கொண்டு உள்ளே மெஷினையே மாற்றினால்தான் உண்டு. அந்தக் கேஸுக்குள் உட்காரக்கூடிய மெஷின் எங்களிடம் இரண்டு இருந்தன.

ஒன்று என் வீட்டுக்காரருடைய செல்லம். ஏதோ ஒரு தங்க வாட்சிலிருந்து வந்தது. கேஸை நகைக்கு உருக்கிவிட்டு மெஷினை மட்டும் யாரோ எங்களிடம் போட்டுவிட்டுப் போனார்கள். மெல்லிய ஸ்விஸ் மெஷின், சக்கரத்துக்குச் சக்கரம் பாலீஷ். நாளுக்கு ஒன்றிரண்டு செகண்டுக்கு மேல் தப்பாது. பஞ்சு வைத்த ஒரு டப்பாவில் அதைப் பூட்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துச் சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு மறுபடி வைத்துவிடுவார். நான் அதை அவருடைய சின்ன வீடு என்றுதான் சொல்வேன். எத்தனையோ பேர் கேட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை.

இன்னொன்று பட்டாளத்து வாட்சிலிருந்து எடுத்த பழைய மெஷின். பதினைந்து ஜுவல். தடியாக இருக்கும், பாலீஷ் கிடையாது, ஓடுகிற சத்தம் அடுத்த மேஜைக்குக் கேட்கும். எவ்வளவு சரிபண்ணினாலும் நாளுக்கு ஒரு நிமிஷம் முந்தி ஓடும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் தடியன்.

என் வீட்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பூட்டைத் திறந்து, அந்தப் பஞ்சு டப்பாவை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். "இத்தப் போடு," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கட்டின பெண்டாட்டி பத்து வருஷமாகக் கேலி செய்தும் விட்டுக்கொடுக்காததை, அரை மணி நேரம் முன்னால் வந்த ஒருவருக்காக எடுத்து வைத்தார். அவருக்குப் பெரிய மனசு, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் எனக்கு அந்த மெஷின் வேண்டாம் என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது.

அவ்வளவு மெல்லிய மெஷினில் முள் உட்காரும் குழாயும் மெல்லியதாகத்தான் இருக்கும். அதன் பிடி பார்க்கிறவர்களுக்குப் போதும், தொடுகிறவர்களுக்குப் போதாது. இறுக்கப் போனால் விரிசல் விடும். தடியனுடைய குழாயோ ஆணி மாதிரி. ஆனால் ஒரு சிக்கல். தொட்டுப் பார்க்கும் வாட்சின் பெரிய முள்ளில் இருந்த துளை சின்னது. ஸ்விஸ் மெஷினில் அது அப்படியே உட்காரும். தடியனுக்குப் போட வேண்டுமென்றால் துளையைச் செதுக்கிப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினதைத் திரும்பச் சின்னதாக்க முடியாது. அந்த மாதிரி முள் வேறு கிடைக்கவும் கிடைக்காது. நான் நினைத்தது தப்பாகிவிட்டால் முள்ளும் போச்சு, வாட்சும் போச்சு, திங்கட்கிழமை அவர் வேலையும் போச்சு.

இரண்டு மெஷினிலும் பழைய டயல் ஒவ்வொன்றை வைத்து, பசையைச் சொட்டிப் புள்ளி உண்டாக்கி, கழிவில் கிடந்த முட்களை மாட்டி, தனபாலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஸ்விஸ் மெஷினை என் வீட்டுக்காரர் ஒரு குழந்தையைக் கொடுப்பதுபோல அவர் கையில் கொடுத்தார். தனபால் மெதுவாகத் தொட்டார். முள் அசையவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. அசையவே இல்லை. காதில் வைத்துக் கேட்டார், அவர் முகமே மாறிவிட்டது. இது சத்தமே பட்டு மாதிரி இருக்கிறது, இதையே போட்டுவிடுங்கள், நான் ஜாக்கிரதையாகத் தொட்டுக்கொள்கிறேன் என்றார். தடியனைக் கொடுத்தபோது ஒருமுறை தொட்டுவிட்டு மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

"அப்பறம் இன்னா? கட்டிக்கப் போறவரே சொல்ட்டாரு," என்றார் என் வீட்டுக்காரர்.

கொடுக்கிறவர் ஒரு பக்கம், கட்டுகிறவர் ஒரு பக்கம். இருவருக்கும் பிடித்திருக்கிறது. நான் ஒருத்தி மட்டும் வேண்டாம் என்கிறேன். அதற்குக் காரணம் கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, ஒருவர் கண்ணாலும் ஒருவர் விரலாலும் பார்த்தாயிற்று, முள் அசையவில்லை. இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அப்போது பெரும்பாலும் நாம் சரி, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிடுவோம். பின்னால் ஏதாவது ஆனால் நீங்கள் கேட்டதைத்தானே போட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது தொழில் இல்லை. கட்டுகிறவருக்கு அவருடைய வாழ்க்கை தெரியும், மெஷின் தெரியாது. மெஷின் தெரிந்தவர் நாம். அதற்குத்தான் அவர் நம்மிடம் வந்திருக்கிறார்.

நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் மின்விசிறிக்குக் கீழே, டீ குடித்துவிட்டு, ஜாக்கிரதையாகத் தொடுகிற விரல் அது. ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது, போர்டில் நாலு லைன் அலறும்போது, தலைக்குப் பக்கத்தில் ஆபீசர் நிற்கும்போது, அந்த விரல் இப்படியா இருக்கும்?

தம்பி, இன்னொரு தடவை பார்க்கலாம் என்றேன். ஸ்விஸ் மெஷினில் ஐந்து மணிக்கு அரைமணி நேரம் முன்னால் முள்ளை வைத்தேன். தடியனிலும் அதேபோல வைத்து ஓரமாக வைத்துக்கொண்டேன். இப்போது நான்தான் உங்கள் ஸ்டோர்ஸ், இவர்தான் உங்கள் ஆபீசர், கடையில் இருக்கிற எங்கள் டெலிபோன்தான் போர்டு, உங்கள் கையில் இருக்கும் மெஷினில் ஐந்து ஆனதும் சங்குக்குப் பதில் மேஜையில் தட்டுங்கள் என்றேன். என் வீட்டுக்காரர் முறைத்தார். ஒரு தடவைதானே, ஆபீசராக நடியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

மனிதருக்கு நடிப்பு இவ்வளவு வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முதலில் வெட்கப்பட்டார். பிறகு பிடித்துக்கொண்டார். கல்லாவைத் தட்டினார். "இன்னாய்யா ஆபரேட்டர், லைன் கேட்டு எம்மா நேரம் ஆவுது, தூங்கிக்கினு கீறியா?" என்று கத்தினார். நான் ஒரு பக்கம் ஸ்டோர்ஸ் என்பேன், ஒரு பக்கம் பாம்பே டிரங்க் கால் என்பேன், எந்த நம்பர் என்று திருப்பிச் சொல்லுங்கள் என்பேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். தனபால் ஆரம்பத்தில் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. நெற்றியில் வியர்வை வந்தது. பேசிக்கொண்டே கை போய்ப் போய் வாட்சைத் தொட்டது. முதலில் இருந்த ஜாக்கிரதை இப்போது இல்லை. பன்னிரண்டாம் புள்ளியிலிருந்து பின்னால் வந்து, முள்ளை முட்டி, அழுத்தி, அப்படியே திரும்பிப் போகும்.

கடைசியில் அவர் மேஜையைத் தட்டினார். என் வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆரம்பித்து அரைமணி ஆகி, அதற்குமேல் நன்றாக மூன்று நிமிஷம் தாண்டியிருந்தது. நாளுக்கு ஒன்றிரண்டு செகண்டு தப்பாத மெஷின், அரைமணி நேரத்தில் மூன்று நிமிஷம் பிந்திவிட்டது.

தடியனில் முள்ளை மறுபடி வைத்து அதே கூத்தை முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் இன்னும் மோசமான ஆபீசராக இருந்தார், தன் செல்லத்துக்கு நடந்தது இதற்கும் நடக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. தனபால் முன்னைவிட அதிகமாகத் தொட்டார். அவர் மேஜையைத் தட்டியபோது சுவர்க் கடிகாரத்திலும் சரியாக அரைமணிதான் ஆகியிருந்தது.

என் வீட்டுக்காரர் ஸ்விஸ் மெஷினை எடுத்துத் துடைத்தார், பஞ்சில் வைத்து டப்பாவை மூடினார். "தடியனயே போட்று," என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.

முள்ளின் துளையைத் தான் பெரிதாக்கித் தருவதாக அவர் சொன்னார். அந்த மாதிரி வேலையில் என்னைவிட அவருக்குக் கை நிதானம். நான் கொடுக்கவில்லை. தேர்ந்தெடுத்தது நான், தப்பானால் என் தலையிலேயே விடியட்டும் என்று நானே உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு துளி செதுக்குவது, வைத்துப் பார்ப்பது, மறுபடி ஒரு துளி. ஒரு சின்ன இழுப்பு அதிகமானால் எல்லாம் போய்விடும் என்று தெரிந்தே செய்தேன். முள் குழாயில் போய் இறுக்கமாக உட்கார்ந்தபோது வந்த அந்தச் சின்ன 'டக்' சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல வேலை அதுதான். அதற்கப்புறம் எத்தனையோ விலை உயர்ந்த வாட்சுகளைத் திறந்து மூடியிருக்கிறேன், எதற்கும் எனக்கு அந்த மாதிரி உடம்பு சிலிர்த்ததில்லை.

சாயங்காலம் தனபால் வந்தபோது வாட்சைக் கையில் கட்டிவிட்டு ஒன்று சொன்னேன். இது நாளுக்கு ஒரு நிமிஷம் முந்தும். தினமும் காலையில் ரேடியோ செய்தி ஆரம்பிக்கும் முன் பீப் சத்தம் வரும் இல்லையா, அதைக் கேட்டு முள்ளைத் திருத்திவிட்டு வேலைக்குப் போங்கள். இவ்வளவு தப்பும் என்று தெரிந்த மெஷினை நாம் ஆளலாம், தப்புவது எப்போது என்று தெரியாததுதான் நம்மைக் கவிழ்க்கும் என்றேன். அவர் மூடியைத் திறந்து தொட்டுப் பார்த்தார். வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தினார். முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

திங்கட்கிழமை முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு அலாரம் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் தனபால் தாம்பரத்தில் இறங்கிக் கடைக்கு வந்தார். ஆபீசர் நாள் பூராவும் பக்கத்தில் நின்றாராம். ஐந்து மணிச் சங்கு ஊதியதும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாராம். சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தனபால் போனார். எங்களுக்கும் தெரியவில்லை. அடுத்த சில வாரங்களுக்கு அவர் வரவும் இல்லை. நல்லது நடந்திருந்தால் சொல்ல வந்திருப்பாரே என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்குத் தாம்பரத்தில் குடியிருக்கும் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கையிலிருந்த வெளிநாட்டு வாட்சைக் கழற்றி என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, வெளிநாட்டிலிருந்து மச்சான் வாங்கிவந்தது, இப்போது மூன்று நிமிஷம் முந்தி ஓடுகிறது, பாருங்கள் என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வாட்சை வைத்து வாட்சைத் திட்டுகிறவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

"எங்க ஃபேக்டரி சங்கை வச்சுத்தான். முதல்ல சங்குதான் லேட்டுன்னு நினைச்சேன். ரெண்டு நாள் ரேடியோவோட செக் பண்ணிப் பார்த்தேன். சங்கு கரெக்ட்டு, என் வாட்ச்தான் தப்பு."

எந்த ஃபேக்டரி என்று நான் என் மேஜையிலிருந்தே கேட்டேன். சொன்னார். குரோம்பேட்டை. என் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றுவிட்டது. சங்கு ஊதுகிறவர் யார் சார் என்று, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"டெலிபோன் ஆபரேட்டர்தான். பார்வை இல்லாதவரு. எனக்கு ஆரம்பத்துல டவுட்டாத்தான் இருந்தது. போன வாரம் நானே கையெழுத்துப் போட்டு பர்மனெண்ட் பண்ணிட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டேன். வாடிக்கையாளர் முன்னால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத என் வீட்டுக்காரர், அன்றைக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்த ஆபரேட்டர் வாட்சுக்கு மெஷின் போட்டது இவங்கதான் சார். நான் வேற ஒண்ணு எடுத்து வச்சேன். இவங்கதான் வேணாம்னாங்க. நான் சொன்னதப் போட்டிருந்தா உங்க சங்கு இந்நேரத்துக்கும் லேட்டாத்தான் ஊதிக்கினு இருக்கும்."

ஆபீசர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கொடுத்த வாட்சை என் வீட்டுக்காரர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு நாலடி நடந்து வந்து என் மேஜையில் வைத்தார். நான் லென்ஸை மாட்டிக்கொண்டு திறந்து பார்த்தேன். சங்கு சொன்னது சரிதான்.